ஆம்காஸ் மருத்துவ விண்ணப்பம்: பணம் வாங்கிக்கொள்ளும், தேதியை மன்னிக்காது

அமெரிக்காவில் எம்.டி. (அங்கே டாக்டராவதற்கான அடிப்படைப் பட்டம்) தரும் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வாசல் ஆம்காஸ். மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. நடத்தும் இணைய விண்ணப்ப சேவை இது. ஒரே படிவத்தை நிரப்பி எத்தனை கல்லூரிகளுக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒரு சேவையாக மட்டும் பார்த்தால் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். படிவம் தெளிவாக இருக்கிறது, மதிப்பெண் சரிபார்ப்பு கறாராக நடக்கிறது, அனுப்பியது வழியில் தொலைவதில்லை. குறைத்த ஒன்றரை, வரிசை நகரும் வேகத்துக்கும், கட்டணத்துக்கும், ஒருமுறை சமர்ப்பித்துவிட்டால் கட்டுரையில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த விடாத பிடிவாதத்துக்கும்.

நம் ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு இந்த முறை சட்டென்று பிடிபடாது. நீட் மதிப்பெண், ரேங்க் பட்டியல், கவுன்சலிங், கட்-ஆஃப் என்ற வரிசையே இங்கு கிடையாது. நான்கு வருடப் பட்டப்படிப்பை முடித்த அல்லது முடிக்கப்போகிற மாணவர் விண்ணப்பிக்கிறார். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாக நேர்காணலுக்கு அழைத்து, தனித்தனியாக முடிவு சொல்கிறது. ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். சேர்பவர்கள் சுமார் 23,000 பேர். பல கல்லூரிகள் விண்ணப்பம் வர வரப் படித்து, நேர்காணல் இடங்களை நிரப்பிக்கொண்டே போகின்றன. ஜூனில் வந்த விண்ணப்பமும் செப்டம்பரில் வந்த விண்ணப்பமும் ஒரே தரத்தில் இருந்தாலும், பின்னதற்கு மிச்சமிருக்கும் நாற்காலிகள் குறைவு. கல்லூரியின் இணையதளத்தில் 'கடைசி தேதி அக்டோபர்' என்று போட்டிருக்கும். அதை நம்பி நிதானமாக உட்காருபவர்கள்தான் மறு வருடமும் விண்ணப்பிக்கிறார்கள்.

படிவம் மே முதல் வாரத்தில் திறக்கும். மே கடைசி வாரத்தில் சமர்ப்பிக்க விடுவார்கள். சரிபார்த்து முடித்த முதல் தொகுதி ஜூன் கடைசியில் கல்லூரிகளுக்குப் போகும். இடையில் நடப்பது சரிபார்ப்பு. மாணவர் எழுதிய ஒவ்வொரு பாடத்தையும் மதிப்பெண்ணையும் அவர் படித்த கல்லூரி அனுப்பிய டிரான்ஸ்கிரிப்டோடு (அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல்) ஆம்காஸ் ஊழியர்கள் ஒப்பிடுகிறார்கள். முதல் சில நாட்களில் சமர்ப்பித்தால் இது சீக்கிரம் முடியும். ஜூன் நடுவில் சேர்ந்தால் நான்கு வாரம், ஆறு வாரம் என்று இழுக்கும். வரிசையில் இடம் பிடிக்க இரண்டு விஷயங்கள் வேண்டும்: சமர்ப்பித்த விண்ணப்பம், வந்து சேர்ந்த எல்லா டிரான்ஸ்கிரிப்டுகளும். பரிந்துரைக் கடிதமோ, எம்கேட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணோ வரிசைக்குத் தேவையில்லை. 'லெட்டர் இன்னும் வரவில்லை, அதனால்தான் சமர்ப்பிக்கவில்லை' என்று மூன்று வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது வீண்.

கல்லூரிப் பட்டியல் முடிவாகாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். ஒரே ஒரு கல்லூரியை மட்டும் போட்டுச் சமர்ப்பித்தால் சரிபார்ப்பு தொடங்கிவிடும். மற்றவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். எம்கேட் மதிப்பெண் வர தேர்வு நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அது வந்த பிறகு பட்டியலை முடிவு செய்பவர்களுக்கு இந்த வழி மிகவும் உதவும். சேர்த்ததை மட்டும் மாற்ற முடியாது. ஒரு கல்லூரியை எடுத்துவிட்டு அதே பணத்துக்கு வேறொன்றைப் போடவும் முடியாது.

எங்கே சிக்கும்

அதிகப் பேர் சறுக்குவது பாடப் பதிவில். இது கட்டுரை எழுதுவதைப் போலப் பெருமையான வேலை இல்லை, அதனால் கடைசி இரவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். டிரான்ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே பாட எண், பெயர், பருவம், கிரெடிட், கிரேடு எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய வேண்டும். நினைவிலிருந்து எழுதினால் தவறும். தவறுகள் அதிகமானால் விண்ணப்பம் சரிபார்க்கப்படாமல் மாணவருக்கே திரும்பி வரும். திருத்தி அனுப்பினால் வாரக்கணக்கில் தாமதம். இடைவேளை எடுத்துக்கொண்டு இரண்டு மாலைகளில் செய்ய வேண்டிய வேலை இது.

டிரான்ஸ்கிரிப்ட் என்றால் எல்லாக் கல்லூரியிலிருந்தும். பள்ளியில் படிக்கும்போது பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் ஒரே ஒரு கணிதப் பாடம் எடுத்திருந்தாலும் அந்தக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்ட் தனியாக வர வேண்டும். 'அந்தக் கிரெடிட்தான் பல்கலைக்கழகத்துக்கு மாற்றியாகிவிட்டதே' என்ற வாதம் செல்லாது. ஜூலையில் இது தெரியவந்து தலையில் கைவைத்தவர்கள் நிறைய. இன்னொன்று: வசந்த பருவ மதிப்பெண்கள் ஏறுவதற்கு முன்பே டிரான்ஸ்கிரிப்டை அனுப்பச் சொல்லிவிடுவது. படிவத்தில் கிரேடு இருக்கும், வந்த தாளில் இருக்காது. மறுபடி அனுப்ப வேண்டியதுதான். பதிவாளர் அலுவலகத்தில் மதிப்பெண் ஏறியதை உறுதி செய்துகொண்டு, ஆம்காஸ் தரும் டிரான்ஸ்கிரிப்ட் அடையாள எண்ணையும் சேர்த்து மின்னணு முறையில் அனுப்பச் சொல்வது நல்லது. காகிதத்தில் போனால் கூடுதல் நாட்கள் ஆகும்.

ஆம்காஸ் ஜி.பி.ஏ.வை (நான்குக்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) தானே புதிதாகக் கணக்கிடும். பல்கலைக்கழகம் 3.8 என்று சொல்லியிருந்தால் இங்கே 3.71 ஆகலாம். திரும்ப எடுத்த பாடத்தில் பழைய மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகம் அழித்திருக்கும். ஆம்காஸ் இரண்டையும் எண்ணும். ஏ-பிளஸுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடையாது, அதுவும் நான்குதான். பிறகு உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்து அறிவியல் ஜி.பி.ஏ. என்று தனியாக ஒரு எண் வரும். புள்ளியியல் கணிதத்தில் சேரும். உளவியல் சேராது. கணினி அறிவியலும் சேராது. 'கம்ப்யூட்டர் சயின்ஸில் எல்லாம் ஏ' என்று நிம்மதியாக இருக்கும் வீடுகளில் இந்த இடத்தில் அமைதி நிலவும். நியூரோசயன்ஸ் பாடங்களை உயிரியலில் போடலாம். பாடத்தின் பெயரைவிட உள்ளடக்கத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். ஆம்காஸ் வகையை மாற்றினால், அது தவறு என்று தோன்றினால், சரிபார்ப்பு முடிந்த கையோடு மேல்முறையீடு செய்யலாம்.

நம் பிள்ளைகள் பள்ளியிலேயே ஏ.பி. என்ற கல்லூரித் தரப் பாடங்களாக அடுக்கிவிடுவார்கள். அவை கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் கிரெடிட்டாக ஏறியிருந்தால் படிவத்தில் கிரேடு இல்லாமல் பதிய வேண்டும். ஆனால் சில மருத்துவக் கல்லூரிகள் ஏ.பி. வேதியியலையோ உயிரியலையோ முன்தேவையாக ஏற்பதில்லை; அல்லது அதற்கு மேற்பட்ட பாடம் ஒன்றைக் கல்லூரியில் எடுக்கச் சொல்கின்றன. இதைக் கல்லூரி முதல் வருடத்திலேயே பார்த்துவிட வேண்டும். நான்காம் வருடத்தில் தெரிந்தால் பயனில்லை.

இந்தியாவில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு இங்கு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு டிரான்ஸ்கிரிப்டை ஆம்காஸ் சரிபார்க்காது, ஏற்காது. பெரும்பாலான கல்லூரிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்த பாடங்களைத்தான் எதிர்பார்க்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பெயர் விஷயம் நமக்கே உரிய தலைவலி. இனிஷியல் மட்டும் உள்ள பாஸ்போர்ட், அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறிய ஓட்டுநர் உரிமம், விசாவில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்று விழுந்த முத்திரை, பல்கலைக்கழகத்தில் வேறு எழுத்துக்கூட்டல். படிவத்தில் மாற்றுப் பெயர்களைச் சொல்ல இடம் இருக்கிறது. எல்லா வடிவங்களையும் அங்கே போட்டுவிட வேண்டும். எம்கேட் தேர்வில் இந்தத் தாராளம் கிடையாது. பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் தேர்வு அறைக்குள் விட மாட்டார்கள், பணமும் திரும்பாது.

விசாவைப் பற்றி இன்னும் கசப்பான உண்மை ஒன்று. எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்கான விசா) வளர்ந்த பிள்ளைகள் 21 வயதில் அந்தத் தகுதியை இழக்கிறார்கள். மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் வயதும் அதுதான். கிரீன் கார்டு இல்லாதவர்களைச் சேர்க்காத கல்லூரிகள் பல. சேர்ப்பவற்றிலும் சில, ஒரு வருடம் முதல் நான்கு வருடம்வரைக்கான பணத்தை முன்கூட்டியே காட்டவோ ஒப்படைக்கவோ சொல்லும். கூட்டாட்சி அரசின் கல்விக்கடனும் கிடைக்காது. ஏ.ஏ.எம்.சி.யின் எம்.எஸ்.ஏ.ஆர். தரவுத்தளத்தில் எந்தக் கல்லூரி வெளிநாட்டு மாணவரை ஏற்கிறது என்று வடிகட்டிப் பார்க்கலாம். பட்டியல் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை அது. சந்தா கட்டணம் உண்டு, ஆனால் இந்த முழு ஏற்பாட்டில் கொடுத்த காசுக்கு உண்மையாக உழைப்பது அதுதான். உள்மாநிலத்தவர் எத்தனை பேர், வெளிமாநிலத்தவர் எத்தனை பேர், சேர்ந்தவர்களின் எம்கேட் எந்த எல்லைக்குள் இருந்தது எல்லாம் அதில் இருக்கும். மாநிலக் கல்லூரியில் வெளிமாநிலத்தவருக்கு எத்தனை இடம் என்று பார்க்காமல், பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டுவது பொதுவான தவறு. டெக்சாஸ் அரசு மருத்துவக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவருக்குப் பத்து விழுக்காடுதான் உச்சவரம்பு. அந்த மாநிலத்துக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்று தனி வாசல் வேறு. டி.ஓ. என்ற இன்னொரு மருத்துவர் பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளுக்கு ஆகோமாஸ் என்ற மூன்றாவது வாசல்.

எம்கேட் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. நான்கு பகுதிகள், மொத்தம் 230 கேள்விகள், இடைவேளைகளோடு ஏழரை மணி நேரம், 472 முதல் 528 வரை மதிப்பெண். சேர்ந்தவர்களின் சராசரி 511, 512 என்ற அளவில். அறிவியலில் கெட்டிக்காரர்களும் தடுக்கி விழுவது வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில். அதைக் கடைசி மாதத்தில் தயார் செய்ய முடியாது. ஒரு வருடத்தில் மூன்று முறை, தொடர்ந்த இரு வருடங்களில் நான்கு முறை, வாழ்நாளில் ஏழு முறை என்று வரம்பு இருக்கிறது. பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு முறை எழுதினாலும் அந்த மதிப்பெண் எல்லாக் கல்லூரிக்கும் தெரியும்.

எழுத்தும் கட்டணமும்

முதன்மைக் கட்டுரைக்கு 5,300 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. செயல்பாடுகளுக்கு 15 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள். அவற்றில் மூன்றை மிக முக்கியமானவை என்று குறித்தால் அந்த மூன்றுக்கும் கூடுதலாக 1,325 எழுத்துகள். வேர்டில் எழுதி ஒட்டினால் தடித்த எழுத்தும் சாய்ந்த எழுத்தும் போய், சில குறிகள் குப்பையாக விழும். எளிய உரையாக மாற்றி ஒட்டி, முன்னோட்டத்தில் ஒரு முறை முழுவதும் படித்துப் பார்க்க வேண்டும். சமர்ப்பித்த பிறகு கண்ணில் படும் பிழை ஒரு வருடம் உறுத்தும்.

பதினைந்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்பது நல்ல பதிவுகளோடு நின்றுவிடுவது, நான்கு மணி நேரம் ரத்ததான முகாமில் நின்றதைப் பத்தாவதாகப் போடுவதைவிட மேல். மணிக்கணக்கைக் கூட்டிச் சொன்னால் மாட்டுவது எளிது, ஏனென்றால் தொடர்பு நபரின் பெயரையும் கேட்கிறார்கள். இனிமேல் செய்யப்போகும் மணிகளைத் தனியாகப் போடவும் இடம் இருக்கிறது. இரண்டையும் கலக்கக் கூடாது. பரதநாட்டிய அரங்கேற்றம் பள்ளிக் காலத்தோடு நின்றுபோயிருந்தால் விட்டுவிடலாம். கல்லூரியிலும் ஆடியிருந்தால், கற்றுக்கொடுத்திருந்தால், கலை என்ற பிரிவில் தைரியமாகப் போடலாம். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் மூன்று வருடம் பாடம் நடத்தியது 'கற்பித்தல்' பிரிவில் உறுதியான பதிவு. எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எது கடினமாக இருந்தது என்று எழுதினால் படிப்பவருக்கு ஒரு முகம் தெரியும். மருத்துவமனை நேரம் மட்டும் கட்டாயம் வேண்டும். ஆய்வகத்தில் ஆயிரம் மணி நேரம் போட்டுவிட்டு நோயாளிக்குப் பக்கத்தில் முப்பது மணி நேரம்கூட நிற்காத விண்ணப்பத்தைப் பார்த்தால் 'இவர் ஆராய்ச்சிக்குப் போகலாமே' என்றுதான் குழுவுக்குத் தோன்றும்.

பரிந்துரைக் கடிதங்கள் பத்துவரை ஏற்றலாம். கடிதம் வந்து சேர்ந்தால் போதாது. எந்தக் கடிதம் எந்தக் கல்லூரிக்கு என்று மாணவர்தான் ஒதுக்க வேண்டும். ஒதுக்காத கடிதம் ஆம்காஸிலேயே தூங்கும். கடித எண்ணைப் பேராசிரியர் தவறாகப் போட்டாலும் அதே கதை. ஒழுங்கு நடவடிக்கை பற்றிய கேள்விக்கு மழுப்பக் கூடாது. விடுதியில் வாங்கிய எச்சரிக்கை பிறகு வெளியே வந்தால், அதை மறைத்த குற்றம் அந்த எச்சரிக்கையைவிடப் பெரிதாகிவிடும்.

கட்டணம் முதல் கல்லூரிக்கு 175 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 45 டாலருக்கு மேல். இருபது கல்லூரி என்றால் ஆயிரத்தைத் தாண்டும். அது நுழைவுச் சீட்டு மாதிரி. பிறகு ஒவ்வொரு கல்லூரியும் செகண்டரி என்ற தன் சொந்தக் கேள்வித்தாளை அனுப்பும். அதற்குப் பெரும்பாலும் நூறு டாலரை ஒட்டித் தனிக் கட்டணம். பல கல்லூரிகள் மதிப்பெண்ணைச் சலிக்காமலேயே எல்லோருக்கும் செகண்டரி அனுப்புகின்றன, எனவே அது வந்ததற்காக வீட்டில் கேசரி கிண்ட வேண்டியதில்லை. ஜூலையில் இருபது கேள்வித்தாள்கள் ஒரே வாரத்தில் வந்து விழும். இரண்டு வாரத்துக்குள் திருப்பி அனுப்புவது வழக்கம். கேள்விகள் ஆண்டுக்காண்டு பெரிதாக மாறுவதில்லை என்பதால், 'ஏன் எங்கள் கல்லூரி', 'சந்தித்த சவால்', 'பன்முகத்தன்மைக்கு உங்கள் பங்கு' போன்றவற்றுக்கு ஜூனிலேயே வரைவு வைத்திருப்பவர்கள் மூச்சு விடுவார்கள். வேறு கல்லூரியின் பெயரை நீக்காமல் அப்படியே ஒட்டுவது ஒவ்வொரு வருடமும் நடக்கும் விபத்து. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஏ.ஏ.எம்.சி.யின் கட்டண உதவித் திட்டம் இருக்கிறது: 20 கல்லூரிகள்வரை ஆம்காஸ் இலவசம், எம்கேட் கட்டணம் குறைவு, எம்.எஸ்.ஏ.ஆர்.க்கும் பணம் வேண்டாம். சமர்ப்பிப்பதற்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கட்டிய பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள்.

நேர்காணல்

அழைப்புகள் ஆகஸ்டில் தொடங்கி பிப்ரவரி, மார்ச்வரை வரும். இரண்டு வகை. ஒன்று, ஓர் ஆசிரியரோடோ மாணவரோடோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது. இன்னொன்று எம்.எம்.ஐ., அதாவது அடுத்தடுத்துப் பல குறு நேர்காணல்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகிப் பரவிய முறை. ஆறு முதல் பத்து நிலையங்கள். கதவில் ஒட்டிய சூழலைப் படிக்க இரண்டு நிமிடம், உள்ளே போய்ப் பேச ஐந்திலிருந்து எட்டு நிமிடம், மணி அடித்தால் அடுத்த அறை. ஒரு நிலையத்தில் சொதப்பினாலும் அடுத்தவருக்கு அது தெரியாது என்பது இதில் உள்ள கருணை.

எம்.எம்.ஐ.யில் நம் பிள்ளைகள் செய்யும் தவறு, நுழைந்ததும் தீர்ப்பு சொல்வது. 'உங்கள் வகுப்புத் தோழர் மருந்து அலமாரியிலிருந்து எதையோ எடுப்பதைப் பார்க்கிறீர்கள், என்ன செய்வீர்கள்' என்று கேட்டால், 'புகார் செய்வேன்' என்று நாற்பது நொடியில் முடித்துவிட்டு மிச்ச நேரம் சுவரைப் பார்ப்பார்கள். எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, முதலில் யாரிடம் பேசுவேன், யாருக்கு ஆபத்து, எந்த இடத்தில் மேலே சொல்லியே ஆக வேண்டும் என்று யோசனையை வாய்விட்டுச் சொல்வதற்குத்தான் மதிப்பெண். கடைசியில் ஒரு முடிவும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் தட்டிக்கொண்டே நேரத்தை முடிப்பதும் தோல்விதான்.

தனி நேர்காணலில், எதிரே இருப்பவர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு வருகிறாரா, படிக்காமல் வருகிறாரா என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். படித்தவர் என்றால் படிவத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் கேள்விதான். மூன்று வருடத்துக்கு முன் கோடையில் செய்த ஆய்வின் கருதுகோள் என்ன, முடிவு என்ன, அதில் உங்கள் கை எது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் பதிவே சந்தேகத்துக்குள்ளாகும். 'ஏன் மருத்துவம்' என்ற கேள்விக்குத் தாத்தாவின் நோயைச் சொல்வதில் தவறில்லை. அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. வீட்டில் இரண்டு டாக்டர்கள் இருப்பது பதிலாகாது.

2020க்குப் பிறகு பல கல்லூரிகள் காணொளி நேர்காணலையே தொடர்கின்றன. விமானச் செலவு மிச்சம், ஆனால் கேமராவைக் கண் மட்டத்தில் வைக்காமல் மடியில் வைத்த லேப்டாப்பில் மூக்குத்துவாரம் தெரியப் பேசுபவர்கள் இன்னும் உண்டு. வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும். இணையத்துக்கு மாற்றாகப் போனில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்க வேண்டும். அழைப்பில் போட்டிருப்பது கல்லூரி இருக்கும் ஊரின் நேரம். கலிபோர்னியாவில் இருப்பவருக்குக் கிழக்குக் கடற்கரையின் காலை ஒன்பது மணி என்றால் விடியற்காலை ஆறு. பக்கத்து அறையில் குக்கர் விசில் அடிக்காமல் பார்த்துக்கொள்வது பெற்றோரின் பங்களிப்பு.

எந்த வளாகம்

அக்டோபர் 15 முதல் சேர்க்கைக் கடிதங்கள் வரத் தொடங்கும். ஒன்றுக்கு மேல் கையில் இருந்தால் பெயரையும் தரவரிசையையும் பார்த்து முடிவெடுப்பது வழக்கம். அதைவிட முக்கியமான கேள்வி, மூன்றாம், நான்காம் வருடத்தில் பிள்ளை எந்த மருத்துவமனையில் நிற்கப்போகிறது என்பது. ஒரே கல்லூரியின் பெயரில் பல ஊர்களில் வளாகங்கள் இருக்கும்; கடிதத்தில் கல்லூரியின் பெயர்தான் பெரிதாக இருக்கும். இண்டியானா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு இண்டியானாபொலிஸ், புளூமிங்டன், எவான்ஸ்வில், ஃபோர்ட் வெய்ன், கேரி, மன்சி, சவுத் பெண்ட், டெர்ரே ஹோட், வெஸ்ட் லஃபாயெட் என்று ஒன்பது வளாகங்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு சிகாகோ, பியோரியா, ராக்ஃபோர்ட். கேன்சஸுக்குக் கேன்சஸ் சிட்டி, விச்சிட்டா, அப்புறம் 2011இல் தொடங்கிய சலைனா. சலைனாவில் ஒரு வகுப்புக்கு எட்டுப் பேர்தான். புளோரிடா ஸ்டேட்டில் முதல் இரண்டு வருடம் டல்லஹாசி. பிறகு ஒர்லாண்டோ, பென்சகோலா, சரசோட்டா, டேட்டோனா பீச், ஃபோர்ட் பியர்ஸ் என்று பிரிந்துவிடுவார்கள், சிலர் டல்லஹாசியிலேயே தொடர்வார்கள்.

சின்ன வளாகம் என்றால் இரண்டாந்தரம் என்று நினைப்பது தவறு. பெரிய நகர மருத்துவமனையில் ஒரு பிரசவத்தைச் சுற்றி ரெசிடெண்டுகள், ஃபெல்லோக்கள் (பட்டத்துக்குப் பின் சிறப்புப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்கள்) நிற்பார்கள். மாணவர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார். சின்ன ஊரில் மருத்துவரும் மாணவரும் மட்டும். கையுறை போட்டு நேரடியாக வேலை செய்யக் கிடைக்கும். விலையும் இருக்கிறது. தோல் மருத்துவமோ நரம்பு அறுவை சிகிச்சையோ வேண்டுமென்றால், அந்தத் துறையும் ரெசிடென்சியும் உள்ள இடத்தில் இருப்பது பெரிய அனுகூலம். மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1, 2022 ஜனவரி முதல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் ஆகிவிட்டதால் அதில் மதிப்பெண் காட்டி முந்த முடியாது. துறைத் தலைவரின் கடிதமும் ஆய்வும் கூடுதல் எடை பெற்றுவிட்டன. துறையே இல்லாத வளாகத்தில் அந்தக் கடிதத்துக்கு வெளியூர் ரொட்டேஷன்களை (மருத்துவமனையில் துறைவாரியாகப் பெறும் பயிற்சி) நம்ப வேண்டும், அதுவும் சொந்தச் செலவில். குடும்ப மருத்துவம், குழந்தை நலம், பொது மருத்துவம் என்று மனதில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை அதிகம் இல்லை. மினசோட்டாவின் டுலூத் வளாகம் கிராமப்புறக் குடும்ப மருத்துவத்துக்கும் அமெரிக்கப் பழங்குடியினரின் நலத்துக்கும் என்றே அமைந்தது. சீட்டுக்காக மட்டும் அங்கே ஆர்வம் காட்டுபவர்களை நேர்காணல் குழு மிக எளிதில் கண்டுகொள்ளும்.

வளாக விருப்பத்தை எப்போது கேட்பார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சிலர் செகண்டரியிலேயே, சிலர் சேர்க்கைக்குப் பிறகு வரிசைப்படுத்தச் சொல்வார்கள். விருப்பம் கேட்டார்கள் என்பதாலேயே கிடைத்துவிடாது. கேட்க வேண்டியவற்றை மாணவர்களிடம்தான் கேட்க வேண்டும், வழிகாட்டிச் சுற்றுலாவில் கிடைக்காது: ரொட்டேஷன் மருத்துவமனைகளுக்கு நடுவே எத்தனை மைல், குளிர்காலத்தில் காலை ஐந்து மணிக்குக் கார் இல்லாமல் முடியுமா, மூன்றாம் வருடத்தில் கிரேடு உண்டா, தேர்ச்சி மட்டுமா, போன வருடம் யாராவது வளாகம் மாறினார்களா, மாற விட்டார்களா. கனரக இயந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் புண்ணியத்தில் பியோரியாவில் இந்தியக் குடும்பங்கள் உண்டு. எல்லாச் சின்ன ஊரும் அப்படி அமையாது. கேட்பதற்கு அற்பமாகத் தெரிந்தாலும் நான்கு வருடம் தனியாக இருக்கப்போகும் பிள்ளைக்கு இதுவும் கணக்கில் வரும்.

பணக் கணக்கை இப்போது வேறு மாதிரி போட வேண்டியிருக்கிறது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற கூட்டாட்சிக் கடன் இல்லை. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்குக் கூட்டாட்சிக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 200,000 டாலர். பல தனியார் கல்லூரிகளில் கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து வருடத்துக்கு 90,000ஐத் தாண்டுகிறது. நான்கு வருடத்துக்கு 360,000 என்றால், மிச்சம் 160,000க்குத் தனியார் கடன், அதற்குப் பெற்றோரின் இணைக் கையெழுத்து. உள்மாநில அரசுக் கல்லூரியின் கடிதத்தை மேசை ஓரத்தில் தள்ளிவைக்கும் முன் இந்தக் கழித்தலைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். நியூயார்க் பல்கலைக்கழகம் 2018 முதலும், ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி ரூத் காட்டெஸ்மன் 2024இல் தந்த நூறு கோடி டாலர் நன்கொடைக்குப் பிறகும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. வாடகையும் சாப்பாடும் நியூயார்க் விலையில்தான்.

முடிவைப் பதிவு செய்வதும் ஏ.ஏ.எம்.சி. தளத்தில்தான். ஏப்ரல் 15க்குள் கையில் உள்ள இடங்களை மூன்றாகக் குறைக்க வேண்டும், ஏப்ரல் 30க்குள் ஒன்றைச் 'சேரத் திட்டம்' என்று குறிக்க வேண்டும். இந்தக் குறிப்போடு மற்ற வெயிட்லிஸ்ட்களில் தொடரலாம். 'சேர உறுதி' என்ற அடுத்த பொத்தான் வேறு வகை: அதை அழுத்தினால் மற்ற எல்லா இடங்களையும் வெயிட்லிஸ்ட்களையும் விட்டுவிட்டதாக அர்த்தம். கல்லூரி சொல்லும் நாளுக்கு முன்னால் அவசரப்பட்டு அதைத் தொட வேண்டாம். வெயிட்லிஸ்ட் அழைப்பு ஜூலையில்கூட வரும், பதில் சொல்ல ஓரிரு நாள்தான் கொடுப்பார்கள். எனவே ஏப்ரலில் வீட்டு வாடகை ஒப்பந்தம் போடுபவர்கள், வேறு ஊருக்கு மாற நேர்ந்தால் எவ்வளவு அபராதம் என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்து போடட்டும்.